தட்டைக் காணியிலும் மண் ஓடும்

"மண்ணரிப்பெல்லாம் மலைநாட்டுக்காரருக்குத்தானே தம்பி? எங்கட காணி தட்டை. மண் எங்க போகப்போகுது?"

ஒட்டுசுட்டான் பக்கம் உழுந்து விதைத்திருந்த ஒரு ஐயா கேட்டது. மண் பாதுகாப்பு வேலையாக வன்னிக்குள் அலையத் தொடங்கிய நாள் முதல் இந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை. பதில் சொல்லாமல் அவரைக் காணியின் கீழ்மூலைக்குக் கூட்டிப்போனேன். அங்கே சின்னச் சின்னக் கற்கள், விரற்கடை உயர மண்தூண்களின் மேல் தொப்பி வைத்ததுபோல் நின்றன. கல் மூடிய இடத்து மண் மட்டும் மிஞ்சியிருந்தது. சுற்றியிருந்தது குளத்துக்குப் போய்விட்டது.

மலைநாட்டுச் சேதம் கண்ணில் படும். பொல்கொல்ல நீர்த்தேக்கம் 1976இல் முடிந்தது. மேலே சரிவுகளில் இருந்து வந்த மண், 1988க்குள் அதன் கொள்ளளவில் ஏறக்குறைய 44 வீதத்தை விழுங்கிவிட்டது. வன்னியில் பல காணிகளின் சரிவு 100 அடிக்கு இரண்டு, மூன்று அடிதான். ஆனால் எங்கள் மாரிக்கு அது காணும். புரட்டாதி வெயிலில் காய்ந்து, உழுது வெறுமையாகக் கிடக்கும் நிலத்தில் ஐப்பசி மழை இறங்குகிறது. பெரிய துளி ஒன்று மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் வந்து அடிக்கும். மண்கட்டி உடைந்து தூளாகும். அந்தத் தூளே நிலத்தின் துவாரங்களை அடைக்கும். உள்ளே இறங்க வழியில்லாத தண்ணீர் ஓடத் தொடங்கும். எங்கள் செங்கபில மண்ணுக்கு இது பெரிய பலவீனம். முதலில் போவது நுண்ணிய மண்ணும் உக்கிய பசளையும். பரல் மட்டும் தங்கும். "காணியில கல்லுக் கூடிப்போச்சு" என்று சொல்கிறோமே, அது இதுதான்.

ஒரு ஏக்கரில் 1 மில்லிமீற்றர் மண் போனால் 4 கன மீற்றர். ஏறக்குறைய ஒன்றரைக் கியூப் (ஒரு கியூப் 100 கன அடி). கிரவலாக இருந்தால் காசு கேட்டிருப்போம்.

பிறகு குளம் தூர்ந்துவிட்டது என்று மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் கேட்டு மனுப் போடுகிறோம். தூர்வார வேண்டாம் என்று சொல்லவில்லை. கண்டபடி ஆழமாக்கி அடியில் உள்ள களிப்படையை உடைத்தால், குளத்தில் தண்ணீர் நிற்காது. குளத்தின் மேல்விளிம்பான அலைகரையில் காடு வெட்டி விதைத்துக்கொண்டே கீழே தோண்டுவதும் வீண் செலவு.

அந்த ஐயாவின் பக்கத்துக் காணிக்காரர், 1977 கலவரத்துக்குப் பிறகு தேயிலைத் தோட்டத்தில் இருந்து வந்து குடியேறியவர். அவர் காணியில் சரிவுக்குக் குறுக்கே, ஓடிவரும் தண்ணீரை மறிக்கும் சிறு வாய்க்காலான கான் ஓடும்; கான் ஓரம் கிளிசரிடியா வேலி. வெட்டிய தழை பயிருக்கு அடியில் கிடக்கும். "தோட்டத்துல கான் வெட்டாம கன்னு நட விடமாட்டாங்க, சார். அந்தப் பழக்கம்" என்றார்.

ஐயா கானுக்கு இன்னும் சம்மதிக்கவில்லை. காணி குறையுமாம். ஆனால் போன காலபோகத்தில் சரிவுக்குக் குறுக்கே உழச் சொல்லியிருக்கிறார். அடிக்கடி திருப்ப வேண்டியிருந்ததால் உழவு இயந்திரக்காரர் முணுமுணுத்து, கூலியும் கொஞ்சம் கூட்டிக் கேட்டாராம். கொடுத்துவிட்டு, அந்தக் கணக்கை என்னிடம்தான் சொன்னார்.