வெட்டப்பட்ட த்ரீ நாட் த்ரீ: மரம் திரும்பி வரும், இரும்பு வராது

நம்மூரில் 'த்ரீ நாட் த்ரீ' (.303) என்றால் பழைய போலீஸ்காரர் தோளில் தொங்கும் துப்பாக்கிதான் நினைவுக்கு வரும். லீ-என்ஃபீல்ட் என்பது அதன் முறையான பெயர். ஜேம்ஸ் பாரிஸ் லீயின் போல்ட் (தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் தாழ்) அமைப்பையும் என்ஃபீல்ட் தொழிற்சாலையின் முறுக்குவரிக் குழலையும் சேர்த்து 1895இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றது. இரண்டு உலகப்போர்களுக்கும் போய்வந்த ரகம் இது. உத்தரப் பிரதேசப் போலீஸ் இதற்கு விடைகொடுத்ததே 2020இல்தான்.

போர் முடிந்ததும் லட்சக்கணக்கில் மிஞ்சியவற்றை அரசுகள் மலிவாக விற்றன. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் மான் வேட்டைக்காரர்கள் வாங்கினார்கள். குழலின் முனைவரை மரம் போர்த்திய ராணுவத் துப்பாக்கியைக் காட்டில் சுமப்பது சிரமம். அதனால் முன்கட்டையைப் பாதியில் அறுத்தார்கள். மேல்மூடியையும் பயனெட் மாட்டும் முகப்பையும் கழற்றி எறிந்தார்கள். சிலர் குழலையும் வெட்டி, ரிசீவரில் (போல்ட் ஓடும் இரும்பு உடலில்) துளைபோட்டுத் தொலைநோக்கி பொருத்தினார்கள். இப்படி மாறியதற்கு 'ஸ்போர்ட்டர்' என்று பெயர். அன்று யாரும் இதைப் பாவமாக நினைக்கவில்லை, நினைக்க வேண்டியதும் இல்லை. இன்று சேகரிப்பாளர்கள் அதே துப்பாக்கிகளைப் பழைய உருவத்துக்குக் கொண்டுவரப் பார்க்கிறார்கள்.

முதல் கேள்வி, குழல் முழுசாக இருக்கிறதா என்பது. மேகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்துக்கொண்ட பிறகு, போல்ட்டை மூடி முனை வழியாக ஒரு குச்சியை விட்டு அளக்க வேண்டும். 25.2 அங்குலத்தை ஒட்டி, அதாவது 64 செ.மீ. வந்தால் நல்ல செய்தி. நாலைந்து அங்குலம் குறைந்தால், முன்குறியும் (குறிபார்க்க முனையில் நிற்கும் தகடு) முகப்பும் உட்கார இடமே இல்லை. வேறு குழல் தேடாமல் பழைய உருவம் வராது. (நம்பர் 5 ரகமான 'காட்டு கார்பைன்' மட்டும் விதிவிலக்கு. அது பிறவியிலேயே குட்டை.)

அடுத்தது, எந்த ரகம் என்பது. பின்கட்டை சொருகும் இரும்புப் பட்டையின் வலப்பக்கத்தில் கிரீடமும் அரசரின் எழுத்துகளும், அவற்றின் கீழே தயாரித்த இடமும் ஆண்டும் இருந்தால் அது பெரும்பாலும் முதல் உலகப்போர் காலத்து நம்பர் 1. என்ஃபீல்ட், பர்மிங்ஹாமின் பி.எஸ்.ஏ. நிறுவனம், ஆஸ்திரேலியாவின் லித்கோ, வங்காளத்தின் இஷாப்பூர் என்று பல இடங்களில் இது தயாரானது. ரிசீவரின் இடப்பக்கச் சுவர் தட்டையாக, சதுரமாக இருந்தால் நம்பர் 4. அதன் ரகப்பெயரும் அந்தச் சுவரில்தான் இருக்கும். கனடாவின் லாங் பிராஞ்ச் தொழிற்சாலையின் பெயர் அப்படியே இருக்கும். அமெரிக்காவின் சாவேஜ் தயாரித்ததில் 'யு.எஸ். பிராப்பர்ட்டி' என்றிருக்கும். பிரிட்டிஷ் அரசு வெளியே விற்றதென்றால் குழலில் சோதனை முத்திரைகள் வரிசையாக இருக்கும். அதில் 2.222 என்ற எண்ணைப் பார்த்துப் பலர் குழம்புவார்கள். அது தோட்டா உறையின் நீளம், அங்குலத்தில். பக்கத்தில் உள்ள 18.5 டன் சோதனை அழுத்தம்.

இந்த முத்திரைகளை நிதானமாகப் படிக்காமல் ரம்பத்தையோ உப்புத்தாளையோ தொடக்கூடாது. இடச்சுவரில் 'டி' (T) என்ற எழுத்தும், தொலைநோக்கி உட்காரும் இரண்டு மேடைகளும் இருந்தால், கையில் இருப்பது ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் குறிபார்ப்போருக்காக மாற்றித்தந்த நம்பர் 4 (டி). பின்னாளில் யாரோ துளைபோட்டது என்று எண்ணி அதை நிரப்பிவிட்டால் போச்சு. 'டி.பி.' (DP) என்றிருந்தால் பயிற்சி அணிவகுப்புக்கு மட்டுமானது. சுவரில் மாட்டலாம், சுடக்கூடாது. ஆஸ்திரேலியாவில் .303 உறையின் கழுத்தைச் சுருக்கி .25 குண்டு போடும்படி மாற்றப்பட்டவையும் நிறைய. வெளியே பார்த்தால் வித்தியாசம் எளிதில் தெரியாது. தோட்டா உட்காரும் அறையின் அளவை அச்செடுத்துப் பார்த்தால் உறுதியாகும்.

நம் நாட்டில் இன்னொரு குழப்பம் உண்டு. ராணுவத் தோட்டாவைக் குடிமக்கள் வைத்திருக்க ஆங்கிலேயர் காலத்திலேயே தடை இருந்ததால், வேட்டைக்கு என்று .315 தோட்டா புழங்கியது. இஷாப்பூரின் .315 ஸ்போர்ட்டிங் ரைஃபிள் அதே லீ-என்ஃபீல்ட் அமைப்பில் அமைந்தது. பார்க்க வெட்டப்பட்ட த்ரீ நாட் த்ரீ போலவே இருக்கும், ஆனால் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அப்படித்தான். அதற்கு ராணுவக் கட்டை மாட்டுவது மீட்பு அல்ல, வேஷம். பர்மிங்ஹாமின் பார்க்கர்-ஹேல் நிறுவனம் அழகாக மாற்றி விற்ற ஸ்போர்ட்டர்களையும் என்னைக் கேட்டால் தொட வேண்டாம். அவையும் ஒரு காலத்தின் பொருட்கள்தான். முன்கட்டை மட்டும் அவசரமாக அறுக்கப்பட்டு, இரும்பு அப்படியே தப்பித்த துப்பாக்கிக்குத்தான் மீட்பு பொருந்தும்.

அறுத்த கட்டைக்குப் பதில் வேறு முழுக்கட்டை மாட்டுவது வெறும் அலங்காரம் இல்லை. சுடும்போது குழல், மேசை ஓரத்தில் சுண்டிவிட்ட ஸ்கேல் மாதிரி அதிர்கிறது. குண்டு முனையைவிட்டு வெளியேறும் கணத்தில் முனை எந்தப் பக்கம் பார்க்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் குறி. லீ-என்ஃபீல்டின் போல்ட் பின்பக்கம் பூட்டுவதால் அதிர்வு இன்னும் கூடுதல். இதில் ஒரு வேடிக்கை: முனை மேலே எழும்பிக்கொண்டிருக்கும்போது குண்டு கிளம்பினால், வேகம் குறைந்த குண்டு சற்றுத் தாமதமாக, அதனால் சற்று மேல்நோக்கிக் கிளம்பும். தூரத்தில் அது அதிகம் தாழ வேண்டியதை இந்தக் கோணம் ஈடுகட்டிவிடும். ஆயிரம் கஜப் போட்டிகளில் இந்தத் துப்பாக்கிக்கு நல்ல பெயர் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். இந்த அதிர்வை ஒழுங்குபடுத்துவது மரம். நம்பர் 4இல் முன்கட்டையின் நுனி, குழலைச் சில பவுண்டு விசையில் மேலே தாங்கி நிற்க வேண்டும். நம்பர் 1இல் அதே வேலைக்கு ஒரு சின்ன ஸ்பிரிங்கும் தண்டும் உண்டு. ஸ்போர்ட்டர்களில் பெரும்பாலும் அவைதான் காணாமல் போயிருக்கும்.

அதைவிட முக்கியம் முன்கட்டையின் பின்முனை. ரிசீவர் வந்து முட்டும் இரண்டு சிறு மர முகங்கள் அங்கே இருக்கின்றன. பின்னுதைப்பு முழுவதும் அவற்றின் மேல்தான். ஒரு பக்கம் மட்டும் முட்டினால் கட்டை பிளக்கும். மரம் மென்மையாக இருந்ததால் லித்கோவில் அங்கே செப்புத்தகடு பதித்தார்கள். புதுக்கட்டை வாங்கியவர் தன் நேரத்தில் பாதியை இங்கே செலவிட வேண்டும்: முகத்தில் மைதடவி, மாட்டிக் கழற்றி, மை ஒட்டிய இடத்தை மட்டும் இம்மியளவு சீவி, இரண்டு பக்கமும் ஒன்றுபோல முட்டும்வரை.

கழற்றும்போதும் வரிசை முக்கியம். நம்பர் 1இல் பின்கட்டையைப் பிடித்திருக்கும் நீண்ட திருகாணியின் சதுர நுனி, முன்கட்டைக்குள் ஒரு தகட்டில் மாட்டியிருக்கும். முன்கட்டையை எடுக்காமல் அந்தத் திருகாணியைத் திருகினால் மரம் பிளந்துவிடும். எத்தனையோ நல்ல கட்டைகள் போரில் தப்பித்து ஸ்க்ரூ டிரைவரில் செத்திருக்கின்றன.

சரி, துரு. சிவப்புத் துரு பொருபொருவென்று உதிரும், ஈரத்தை இழுக்கும். அதே இரும்பின் கறுப்பு ஆக்சைடு அடர்த்தியாக ஒட்டிக்கொண்டு காக்கும். எண்ணெய்ப்பசை போன இரும்புப் பாகத்தைச் சுத்தமான தண்ணீரில் அரைமணி நேரம் கொதிக்கவைத்தால் சிவப்பு கறுப்பாக மாறும். மிருதுவான எஃகு நாரால் தேய்த்து எண்ணெய் பூசினால் பழைய நிறம் பெருமளவு மிஞ்சும். அமிலத்தில் போட்டால் துருவோடு பழைய கறுப்பும் போய்விடும். குழலின் உள்துருவுக்கு வேறு காரணம்: பழைய பிரைமர்களில் (தோட்டாவின் அடியில் தீமூட்டும் பாகம்) இருந்த பொட்டாசியம் குளோரேட் எரிந்தபின் உப்பாகத் தங்கும். அந்த உப்பு காற்றின் ஈரத்தைக் குடிக்கும். எண்ணெயில் அது கரையாது, தண்ணீரில் கரையும். சிப்பாய்கள் குழலில் வெந்நீர் ஊற்றியது அதனால்தான்.

மரத்துக்கு வார்னிஷ் வேண்டாம். அன்று பூசியது ஆளிவிதை எண்ணெய். உப்புத்தாள் போட்டால் முத்திரைகள் போய்விடும். நசுங்கிய இடத்தில் ஈரத்துணி வைத்து இஸ்திரிப்பெட்டியை ஒற்றினால் நார் உப்பி மேலெழும். எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காற்றோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது, அப்போது எழும் வெப்பத்தில் துணி தானாகவே தீப்பிடிக்கும்.

போல்ட்டின் எண்ணும் ரிசீவர் எண்ணும் வேறுபட்டால், உரிமம் பெற்ற ஆயுதப் பழுதுநீக்குநர் அளவுமானி வைத்துப் பார்க்காமல் சுடக்கூடாது. போல்ட் முகத்துக்கும் குழலுக்கும் நடுவே தோட்டாவின் விளிம்புக்கான இடைவெளி 0.064 முதல் 0.074 அங்குலம் வரை. அதற்கு மேல் போனால் உறை நீண்டு கிழியலாம். நம்பர் 4இல் இதற்காகவே போல்ட் தலைகள் 0 முதல் 3 வரை எண்ணிட்டு வந்தன. எண் கூடக்கூடச் சற்றே நீளம்.

எல்லாம் மாட்டிய பிறகு குறி மாறியிருக்கும், ஏனென்றால் மரம் மாறிவிட்டது. முன்குறித் தகடுகள் பல உயரங்களில் கிடைக்கும். குண்டு மேலே போனால் உயரமான தகடு, கீழே போனால் குட்டையானது. வலப்பக்கம் போனால் தகட்டை வலப்பக்கமே மெல்லத் தட்ட வேண்டும்.