குளிரை எண்ணும் சகுரா

டோக்கியோவில் யசுகுனி கோயில் வளாகத்தில் ஒரு சகுரா, அதாவது செர்ரிப்பூ மரம் இருக்கிறது. மார்ச் பாதி கடந்ததும் வானிலைத் துறை அலுவலர் அந்த மரத்தடிக்கு வந்து, அண்ணாந்து பார்த்துப் பூக்களை எண்ணுவார். சுற்றிலும் தொலைக்காட்சி கேமராக்கள். நான்குதான் விரிந்திருக்கிறது என்றால், 'இன்னும் இல்லை' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஐந்தோ ஆறோ விரிந்துவிட்டால், டோக்கியோவில் சகுரா பூத்துவிட்டது என்ற அறிவிப்பு அன்றைக்கே நாடு முழுக்கப் போகும். மொட்டுகளில் 80 சதவீதம் விரிந்த நாள் முழுப் பூப்பு. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு வாரம்.

ஜப்பானுக்குப் பூப்பார்க்கப் போகிற எல்லாருக்கும் ஒரே கவலைதான்: எந்த வாரத்துக்கு டிக்கெட் போடுவது? மரம் எப்படி நாள் குறிக்கிறது என்று தெரிந்தால் இந்தக் கவலை பாதி தீரும்.

சகுராவின் மொட்டு வசந்தத்தில் உருவாவதில்லை. முந்தைய கோடையிலேயே, இலைகள் பச்சைப்பசேல் என்று இருக்கும்போதே, அடுத்த வருடப் பூவின் மொட்டு தயாராகிவிடுகிறது. அப்புறம் ஏன் உடனே பூக்கவில்லை? பகல் குறையத் தொடங்குவதை இலைகள் உணர்ந்து, அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோனை மொட்டுக்கு அனுப்புகின்றன. மொட்டு செதிலுக்குள் சுருண்டு தூங்கிவிடும். இலைதான் தூங்க வைக்கிறது என்பதற்குச் சாட்சி வேண்டுமா? புயலடித்து இலையெல்லாம் முன்கூட்டியே உதிர்ந்த ஆண்டுகளில், அக்டோபரிலேயே அங்கங்கே சகுரா பூத்துவிடும். 2018 இலையுதிர்காலத்தில் ஜப்பானில் பல இடங்களில் அப்படித்தான் நடந்தது.

தூங்கும் மொட்டை எழுப்புவது வெயில் அல்ல, குளிர். இந்த விஷயத்தில் எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை. 5 டிகிரியை ஒட்டிய குளிரில் போதுமான நாட்கள் கிடந்தால்தான் தூக்கம் கலைகிறது. அதற்கு முன் எவ்வளவு வெப்பம் கொடுத்தாலும் மொட்டு அசையாது. டிசம்பரில் நான்கு நாள் வெயில் அடித்ததை நம்பிப் பூத்துவிட்டால், ஜனவரிப் பனியில் எல்லாம் கருகிப்போகும் அல்லவா? அதனால் குளிர்காலம் வந்து போனதை உறுதி செய்துகொண்ட பிறகே மரம் அடுத்த கணக்கைத் தொடங்குகிறது.

அடுத்த கணக்கு வெப்பத்துக்கு. ஜப்பானில் பலருக்கும் தெரிந்த ஒரு கைக்கணக்கு உண்டு. பிப்ரவரி 1 முதல் ஒவ்வொரு நாளின் உச்ச வெப்பநிலையையும் கூட்டிக்கொண்டே வர வேண்டும். கூட்டுத்தொகை 600 டிகிரியைத் தொடும் சமயத்தில் பூ விரியும். டோக்கியோவுக்குப் போட்டுப் பார்க்கலாம். பிப்ரவரியில் நாளுக்குச் சுமார் 11 டிகிரி என்றால் 28 நாளில் 308. மீதி 292. மார்ச்சில் நாளுக்கு 13, 14 டிகிரி என்று வைத்தால் இன்னும் 22 நாள். ஆக மார்ச் 22. டோக்கியோவின் வழக்கமான பூப்பு நாள் மார்ச் 24! ஒரு துண்டுத் தாளில் போடுகிற கணக்கு இவ்வளவு கிட்டத்தில் வருகிறது.

இந்தக் கணக்கு ஊருக்கு ஊர் இவ்வளவு ஒழுங்காக ஒத்துப்போக இன்னொரு காரணமும் உண்டு. நகரங்களில் நாம் பார்க்கும் சகுராவில் பெரும்பாலானவை சோமெய்-யோஷினோ என்ற ஒரே வகை. எதோ-ஹிகான், ஓஷிமா என்ற இரண்டு சகுராக்களின் கலப்பு அது. இன்றைய டோக்கியோவுக்குள் அடங்கிவிட்ட சோமெய் என்ற ஊரின் தோட்டக்காரர்கள், 1868-இல் முடிந்த எதோ ஆட்சிக்காலத்தின் கடைசியில் அதைப் பரப்பினார்கள். விதை போட்டால் தாயைப் போல் வராது. அதனால் கிளையை வெட்டி ஒட்டுக்கட்டியே பெருக்குகிறார்கள். அதாவது எல்லாம் ஒரே மரத்தின் குளோன். ஒரே வெப்பம் கிடைத்தால் ஒரே நாளில் மலர்கிறது, ஒரே நாளில் கொட்டுகிறது. இலை வருமுன் பூப்பது ஹிகான் கொடுத்த குணம், பெரிய பூ ஓஷிமா கொடுத்தது. பூக்காம்பைக் கிட்டத்தில் பார்த்தால் மெல்லிய ரோமம் தெரியும். அதுவும் ஹிகானின் சொத்துதான். அப்படியே பூவின் நடுவையும் பாருங்கள். விரிந்த புதிதில் வெளிறியிருக்கும். அது சிவந்திருந்தால் உதிரப்போகும் பூ.

சரி, கியோட்டோவுக்கு வருவோம். அங்குள்ள கோயில்களில் ஒரே வகை மரம் மட்டும் இல்லை. ஒவ்வொரு தோட்டமும் ஒவ்வொரு கடிகாரம். தொங்கு சகுரா முந்திக்கொள்ளும். தாய்கோ-ஜியில் மார்ச் கடைசியிலேயே அது பூத்திருக்கும். 1598-இல் ஜப்பானை ஆண்ட தொயொதோமி ஹிதெயோஷி பெரும் பூ விருந்து வைத்தது அந்தக் கோயிலில்தான். ஏப்ரல் முதல் வாரத்தில், தத்துவப் பாதை என்று பெயர் பெற்ற கால்வாய்க் கரையில் சோமெய்-யோஷினோ. அடுக்கிதழும் அடர்ந்த இளஞ்சிவப்புமாக ஹெயன் கோயிலின் தொங்கு சகுராக்கள் அதற்குப் பின்னால். எல்லாம் முடிந்தது என்று ஊர் அடங்கும்போது நின்னா-ஜியின் ஒமுரோ சகுரா மெதுவாகக் கண் திறக்கும். அது ஏப்ரல் நடுவில். இரண்டு, மூன்று மீட்டருக்கு மேல் வளராத குள்ள மரங்கள். வேர் ஆழம் போகவிடாத கெட்டிக் களிமண் அடியில் இருப்பதே காரணம் என்கிறார்கள். அண்ணாந்து பார்க்க வேண்டாம். பூ நம் முகத்துக்கு நேரே நிற்கும். ஒரே ஒரு கோயிலுக்குத்தான் நேரம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

தெற்கே நாரா மாநிலத்தின் யோஷினோ மலையில் இதே கணக்கு செங்குத்தாக நடக்கிறது. 100 மீட்டர் ஏறினால் சுமார் 0.6 டிகிரி குறையும். அதனால் அடிவாரத்தில் கொட்டும்போது உச்சியில் மொட்டுதான். அங்கிருப்பவை காட்டு மலைச் சகுரா, விதையில் முளைத்தவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், ஒரு நாள்.

தமிழில் வேங்கை மரத்துக்குக் 'கணி' என்று பெயர். நாள் பார்த்துச் சொல்பவன். ஜப்பானின் வடகிழக்கில் சில மரங்களுக்கு 'விதைப்புச் சகுரா' என்று பெயர், அது பூத்தால் விவசாயி வேலையைத் தொடங்குவான். மரம் சொன்ன நாளை எழுதிவைத்தவர்களும் இருந்தார்கள். கியோட்டோவின் அரசவைக்காரர்களும் துறவிகளும் நாட்குறிப்பில் விட்டுச்சென்ற பூப்புத் தேதிகளை ஆய்வாளர் யசுயுகி அவோனோ திரட்டினார். 812-ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறது அந்த வரிசை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முழுப் பூப்பு ஏப்ரல் நடுவை ஒட்டி இருந்தது. 2021-இல் மார்ச் 26 அன்றே வந்துவிட்டது. அதற்கு முன் மிகவும் முந்திய நாள் 1409-இன் மார்ச் 27. புவி வெப்பமும் நகரத்தின் சொந்தச் சூடும் சேர்ந்து இழுத்துவந்த மாற்றம் இது.

வெப்பம் கூடக்கூடப் பூப்பு முந்திக்கொண்டே போகும் என்று நினைக்க வேண்டாம். குளிர் குறைந்தால் தூக்கம் கலைவதே தள்ளிப்போகும். ஜப்பானின் தென்கோடித் தீவான ஒகினாவாவில் இப்போதே அதைப் பார்க்கலாம். அங்கு வேறு வகைச் சகுரா, ஜனவரியில் பூக்கும். ஜப்பானின் மற்ற பகுதிகளில் பூப்பு தெற்கிலிருந்து வடக்கே ஏறும். அங்கு மட்டும் வடக்கு மலைகளில் தொடங்கித் தெற்கே தலைநகர் நாஹாவை நோக்கி இறங்குகிறது. வெதுவெதுப்பான அந்தத் தீவில், குளிர் எங்கே முதலில் வந்து சேர்கிறதோ அங்கேதான் முதல் பூ.