நட்சத்திரங்களின் டயட் சார்ட்டும் நம் வீட்டுச் சோற்றுப் பானையும்

சென்ற ஆண்டு என்னிடம் உணவு ஆலோசனைக்கு வந்த ஒரு பெண்மணி, உட்கார்ந்ததும் இரண்டு பொருள்களை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்று, அவருடைய செல்பேசியில் சேமித்து வைத்திருந்த ஒரு நடிகையின் டயட் சார்ட். மற்றொன்று, அன்று காலை தலை வாரியபோது உதிர்ந்த முடியைச் சுருட்டிப் போட்டிருந்த சிறிய பாலித்தீன் உறை. அவருக்கு வயது 41. ஜவுளிக்கடையில் காலை பத்து மணி முதல் இரவு ஒன்பது மணி வரை நின்றபடியே வேலை பார்ப்பவர்.

சார்ட்டில் இருந்தது இதுதான்: காலையில் வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி நெய், பதினொரு மணிக்கு ஊறவைத்த பாதாம் ஐந்து, மதியம் வெண்ணெய்ப் பழமும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்த பச்சைக் காய்கறி சாலட், மாலை ஆறு மணிக்குள் ஒரு கிண்ணம் சூப். வெண்ணெய்ப் பழம் கட்டுப்படியாகாததால் அதை விட்டுவிட்டு, டிபன் பாக்ஸில் வெள்ளரிக்காயும் கேரட்டும் நறுக்கி எடுத்துப் போயிருக்கிறார். இடையில் குடித்த இரண்டு டீயையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்கு 500 கலோரியைத் தாண்டவில்லை, புரதம் 20 கிராமுக்கும் குறைவு.

முதல் மூன்று வாரங்களில் 5 கிலோ குறைந்தது அவருக்குப் பெரிய உற்சாகத்தைக் கொடுத்திருக்கிறது. ஆனால் அந்தக் குறைவில் கணிசமான பங்கு வெறும் நீர்தான். கல்லீரலிலும் தசையிலும் நாம் சேமித்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து, ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 3 கிராம் நீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கும். உணவைத் திடீரென்று வெட்டும்போது முதலில் கரைவது இதுதான். அடுத்து, போதிய புரதம் கிடைக்காத உடல் தன் தசையையே எடுத்துச் செலவழிக்கத் தொடங்குகிறது. ஏழாவது வாரத்தில் பேருந்தில் மயங்கி விழுந்த பிறகு அவர் சார்ட்டைக் கைவிட்டார். முடி கொத்துக்கொத்தாக உதிரத் தொடங்கியதோ அதற்கும் பின்னால்தான். கடும் பட்டினியின்போது முடியின் வேர்க்கால்கள் ஓய்வு நிலைக்குப் போய்விடுகின்றன; அதன் விளைவு இரண்டு மூன்று மாதங்கள் கழித்தே தலையில் தெரியும். அதனால்தான் பலர் ஷாம்பூவையும் தண்ணீரையும் குறை சொல்கிறார்கள்.

அவர் சொன்ன இன்னொன்று என் மனத்தில் தங்கிவிட்டது. இரவில் தூக்கம் வராமல், கண் விழித்துச் சமையல் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். இதைத் தன் மனக்கட்டுப்பாட்டின் குறையாக எண்ணி அவர் வெட்கப்பட்டார். 1944-45ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஆறு மாதங்கள் அரைவயிற்று உணவு, அதாவது நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரி மட்டும் கொடுத்துக் கவனித்தார். அந்த இளைஞர்களும் உணவைத் தவிர வேறொன்றையும் நினைக்க முடியாமல் சமையல் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். பசித்த மூளை அப்படித்தான் நடந்துகொள்ளும் என்றும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றும் அவரிடம் சொன்னேன்.

நட்சத்திரங்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் கூற வரவில்லை. அவர்களுக்கு உடல் என்பது தொழில்; அந்தத் தொழிலுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. 2016இல் வெளிவந்த 'தங்கல்' படத்துக்காக ஆமிர் கான் முதலில் எடையைக் கூட்டி வயதான தந்தையாக நடித்துவிட்டு, அதன்பின் இளமைக் காட்சிகளுக்காகப் பல மாதங்கள் உழைத்துக் குறைத்தபோது, பயிற்சியாளர்களும் உணவியல் வல்லுநரும் உடனிருந்தார்கள். 'தி விட்சர்' தொடரில் சட்டையில்லாமல் தோன்றும் காட்சிக்காக மூன்று நாள்கள் தண்ணீரைக் குறைத்துக்கொண்டே வந்ததாக நடிகர் ஹென்றி கேவில் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் வெளிப்படையாகவே சொன்னார். அதாவது திரையில் நாம் பார்த்து ஏங்கும் அந்த வயிறு, நீர் வற்றிய ஓர் உடலின் ஒரு நாளைய தோற்றம். 2006இல் 'ட்ரீம்கேர்ள்ஸ்' படத்துக்காக எலுமிச்சைச் சாறும் மேப்பிள் பாகும் மிளகாய்த் தூளும் கலந்த நீரைக் குடித்தே சுமார் 9 கிலோ குறைத்த பாடகி பியான்சே, எடை குறைக்க விரும்புகிறவர்களுக்கு இது ஏற்ற வழியில்லை என்று தாமே கூறியிருந்தார். அந்த எச்சரிக்கையைவிட அந்தப் பானம்தான் அதிகம் பரவியது.

நம் வீடுகளில் நிலைமை வேறு. அந்தப் பெண்மணி காலை ஐந்தரை மணிக்கு எழுந்து, உலை வைத்து, குழம்பு கூட்டி, கணவருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் டப்பா கட்டிக் கொடுத்துவிட்டு, அந்தச் சோற்றின் மணத்துக்கு நடுவே நின்று தனக்கு வெள்ளரிக்காய் நறுக்கியிருக்கிறார். ஒரே அடுப்பில் இரண்டு சமையல், ஒரே சம்பளத்தில் இரண்டு காய்கறிக் கணக்கு, ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பைத் தொடாமல் இருப்பதற்கு மாமியாரிடம் ஒரு விளக்கம், உறவினர் வீட்டு விசேஷத்தில் இலையில் உட்கார மறுப்பதற்கு வேறொரு விளக்கம். இத்தனையையும் தாங்கிக்கொண்டு எத்தனை மாதம் ஒருவரால் ஓட முடியும்? குடும்பத்தின் பொதுப் பானையிலிருந்து ஒருவரைப் பிரித்தெடுக்கும் எந்த உணவுத் திட்டமும் நீடிப்பதை என் அனுபவத்தில் நான் பார்த்ததில்லை.

அதற்காக நம் அன்றாட உணவு குறையே இல்லாதது என்று சொன்னால், அது நேர்மையாக இருக்காது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆதரவில் நடந்து 2023இல் வெளியான 'இந்தியாப்' (INDIAB) என்ற ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. நாம் உண்ணும் கலோரியில் ஏறக்குறைய 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருவதாக அதே ஆய்வின் அண்மைய அறிக்கை சொல்கிறது. தட்டு நிறையச் சோறும், ஓரத்தில் ஒரு கரண்டிப் பொரியலும், துவரம்பருப்பைத் தேட வேண்டிய சாம்பாரும்தான் பல வீடுகளின் மதிய உணவு. ஆகவே மாற்ற வேண்டும் என்ற அந்தப் பெண்மணியின் எண்ணம் சரியானதே. அந்த மாற்றத்தை அவர் வீட்டு அடுப்பிலிருந்தே தொடங்கினோம்.

ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்பது ஐசிஎம்ஆரின் பரிந்துரை. 60 கிலோ எடையுள்ள அவருக்கு ஏறத்தாழ 50 கிராம் தேவை. மூன்று இட்லியும் சாம்பாரும் 8, மதியம் ஒரு கிண்ணம் சோறு 4, கெட்டிப் பருப்பு 7, ஒரு முழு முட்டை 6, மாலையில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் 8, ஒரு கைப்பிடி வேர்க்கடலை 7, இரவு இரண்டு சப்பாத்தி 6, ஒரு டம்ளர் பால் 6 என்று கூட்டினால் 52 கிராம் வந்துவிடுகிறது. இவற்றில் அவர் வீட்டுக்குப் புதிதாக வாங்க வேண்டிய பொருள் ஒன்றுகூட இல்லை. முன்பு மூன்று குத்துக்கரண்டியாக இருந்த சோற்றை ஒன்றரையாகக் குறைத்து, பொரியலை இரண்டு மடங்காக்கினோம். பொரியலைத் தட்டில் முதலில் வைத்துவிட்டு மிஞ்சிய இடத்தில் சோறு போடும்படி சொன்னேன். இந்தச் சின்ன வரிசைமாற்றம் அளவுக் கரண்டிகளைவிட நன்றாக வேலை செய்தது. எட்டு மாதங்களில் 5 கிலோ குறைந்தது, மெதுவாகத்தான். முடி உதிர்வதும் படிப்படியாக நின்றது.

ஏற்கெனவே மாத்திரை எடுத்துக்கொள்பவர்களிடம் மட்டும் நான் இன்னும் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. 58 வயதுள்ள ஒருவர், ஒரு நடிகரின் பேட்டியைக் கேட்டு 16 மணி நேர விரதத்தைத் தொடங்கினார். சர்க்கரை நோய்க்கான கிளிமிபிரைடு மாத்திரையை மட்டும் வழக்கம்போல் போட்டுக்கொண்டார். அந்த மாத்திரை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கச் செய்யும். நான்காம் நாள் அதிகாலையில் பனியன் நனைய வியர்த்து, கை நடுங்கி, வாய் குழறியிருக்கிறார். மனைவி விழித்துக்கொண்டு சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததால் பிழைத்தார். டாபாகிளிஃப்ளோசின் போன்ற வேறு வகைச் சர்க்கரை நோய் மாத்திரைகளோடு சோறு, சப்பாத்தியை அடியோடு நிறுத்தினால், சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே இரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்தும் உண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், தாய்ப்பால் கொடுப்பவர்கள், வளரும் வயதுப் பிள்ளைகள் ஆகியோர் யாருடைய சார்ட்டையும் தாமாகத் தொடங்கக் கூடாது. விரதமோ, சோற்றைக் குறைப்பதோ, எதுவாக இருந்தாலும், போட்டுக்கொண்டிருக்கும் மாத்திரைகளின் அட்டைகளை எடுத்துக்கொண்டு முதலில் உங்கள் மருத்துவரைப் பாருங்கள். எந்த மாத்திரையை எவ்வளவு குறைப்பது என்று அவர் எழுதிக் கொடுத்த பிறகு உணவைப் பற்றிப் பேசலாம்.