புது ஹியூமிடரா? மீட்டர் காட்டும் எண்ணை அவசரப்பட்டு நம்பாதீர்கள்

ஹியூமிடர், அதாவது சுருட்டு காயாமல் ஈரப்பதத்தோடு வைக்கும் மரப்பெட்டி. அந்தப் பெட்டிகளைச் செய்வதும், கெட்டுப்போனவற்றைச் சரிசெய்து கொடுப்பதும் என் தொழில். "லீக் ஆகிறது" என்று என்னிடம் வரும் புதுப் பெட்டிகள் பலவற்றில் எந்தப் பழுதும் இருக்காது. கதை எப்போதும் ஒன்றுதான். பெட்டிக்குள் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன், மறுநாளே ஈரப்பத மீட்டர் 70 சதவீதத்துக்கு வந்துவிட்டது, சுருட்டுகளை அடுக்கினேன், இரண்டே நாளில் 58-க்கு இறங்கிவிட்டது என்பார்கள். காற்று வெளியே போகவில்லை. மரம் இன்னும் உறிஞ்சிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். இப்போது தண்ணீர்க் கிண்ணம் இல்லாததால் உங்கள் சுருட்டிலிருந்து உறிஞ்சுகிறது.

ஹியூமிடரின் உட்பக்கம் பெரும்பாலும் ஸ்பானிஷ் சிடார் பலகை. மகோகனி, வேம்பு இவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த மரம் அது. ஈரம் ஏறி இறங்கினாலும் அதிகம் கோணாது, பூச்சி எளிதில் அண்டாது, அதன் வாசனை சுருட்டுக்கு ஒத்துப்போகும். பட்டறைக்கு வருவதற்கு முன் சூளையில் உலர்த்திவிடுவார்கள். அப்போது மரத்தின் எடையில் 6 முதல் 8 சதவீதம்தான் நீர் இருக்கும். சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதம் 70 சதவீதமாக நிலைத்திருந்தால், அதே மரம் தன் எடையில் ஏறக்குறைய 13 சதவீதம் நீரை எடுத்துக்கொண்ட பிறகுதான் உறிஞ்சுவதை நிறுத்தும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உட்பலகையும் தட்டுகளும் சேர்ந்து 1 கிலோ என்று வைத்துக்கொண்டால், 50 முதல் 60 கிராம் வரை நீர் மரத்துக்குள் போக வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் காற்றில் எவ்வளவு இருக்கும் தெரியுமா? 21 டிகிரி செல்சியஸில், 70 சதவீத ஈரப்பதத்தில், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 13 கிராம் நீராவி. 10 லிட்டர் பெட்டிக்கு அது 0.13 கிராம், அதாவது இரண்டு மூன்று சொட்டு. மீட்டர் அளப்பது இந்த இரண்டு மூன்று சொட்டைத்தான். கிண்ணத்தில் தண்ணீர் வைத்த சில மணி நேரத்தில் முள் ஏறிவிடும், ஆனால் மரத்துக்குப் போக வேண்டிய 50 கிராமில் பெரும்பகுதி அப்போது கிண்ணத்திலேயே இருக்கும். புதுப் பெட்டியைப் பழக்குவது என்றால் அந்த 50 கிராமை மெதுவாக மரத்துக்குள் ஏற்றுவதுதான். அவசரப்பட முடியாத வேலை.

அதற்கு முன்னால் மீட்டரைச் சோதித்துவிடுங்கள். பெட்டியோடு வரும் முள் வைத்த ஹைக்ரோமீட்டர் பல நேரம் வெறும் அலங்காரம்; பத்துப் புள்ளி தவறாகக் காட்டுவதெல்லாம் சாதாரணம். டிஜிட்டல் பரவாயில்லை, ஆனாலும் சோதிக்காமல் நம்ப வேண்டாம். ஒரு பாட்டில் மூடியில் சாதா உப்பை நிரப்பி, சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈர மணல் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். உப்பு கரைந்து திரவமாகிவிடக் கூடாது. காற்றுப் புகாத ஜிப் பைக்குள் மூடியையும் மீட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விடுங்கள். ஈர உப்புக்கு மேலே இருக்கும் காற்று 75 சதவீதத்தில் நிற்கும். சாதாரண அறை வெப்பநிலையில் இது மாறாது. பையைத் திறக்காமல் வெளியிலிருந்தே பாருங்கள். 79 என்று காட்டினால் உங்கள் மீட்டர் 4 கூடுதலாகக் காட்டுகிறது. முள் மீட்டரின் பின்னால் திருகு இருந்தால் திருப்பிச் சரிசெய்யலாம். இல்லாவிட்டால் பின்பக்கம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி "4 கழிக்கவும்" என்று எழுதி வைத்தால் போதும்.

சரி, பழக்குவது எப்படி? ஈரத்துணியால் உட்பலகையைத் துடைக்கச் சொல்லும் பழைய முறை ஒன்று உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். நிஜமாகவே பழுதாகி என்னிடம் வரும் பெட்டிகளில் நிறைய இந்த முறையால் வந்தவை. தண்ணீர் நேரடியாகப் பட்டால் பலகையின் முன்பக்கம் மட்டும் உப்பிவிடும், பின்பக்கம் காய்ந்தே இருக்கும். பலகை வளையும், ஒட்டு விடும், நார் எழும்பி மேற்பரப்பு சொரசொரப்பாகும். தட்டு உப்பிப்போய் பெட்டிக்குள் இறங்காமல் மாட்டிக்கொள்ளும். மூடியின் ஒரு மூலை மட்டும் ஒரு நூல் அளவு தூக்கி நிற்கும். பார்த்தால் தெரியாது, நகத்தை நுழைத்தால் தெரியும். அதன் பிறகு அந்தப் பெட்டியில் ஈரப்பதம் நிலையாக நிற்காது.

மரத்துக்குக் காற்று வழியாகத்தான் நீர் போக வேண்டும். அகலமான சின்னக் கிண்ணத்தில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, அடியில் ஒரு பீங்கான் தட்டு வைத்து, காலிப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடலாம். நான் பரிந்துரைப்பது 84 சதவீத ஈரப்பதப் பாக்கெட். போவிடா போன்ற நிறுவனங்கள் இதற்கென்றே தயாரிக்கின்றன. 25 சுருட்டுக் கொள்ளளவுக்கு ஒரு 60 கிராம் பாக்கெட் என்ற கணக்கில் போட்டு, 14 நாள் விட வேண்டும். உள்ளே இருப்பது உப்புக் கரைசல் என்பதால் காற்றை 84-க்கு மேல் ஏற்றாது. கிண்ணத்துத் தண்ணீருக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது, தட்டிவிட்டால் சிந்தவும் செய்யும். தட்டுகள், தடுப்புகள் எல்லாம் உள்ளேயே இருக்கட்டும், அவையும் காய்ந்த மரம்தானே. நடுவில் திறந்து திறந்து பார்க்க வேண்டாம்.

14 நாள் முடிந்ததும் பாக்கெட்டை எடுத்துவிட்டு, வழக்கமாக வைக்கப்போகும் 65 அல்லது 69 சதவீதப் பாக்கெட்டைப் போட்டு இரண்டு மூன்று நாள் கவனியுங்கள். எண் மெதுவாக இறங்கி அந்த அளவில் நின்றால் மரம் தயார். நிற்காமல் அதற்குக் கீழே போனால் பழைய பாக்கெட்டையே திரும்பப் போட்டு இன்னும் ஒரு வாரம் விடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் சமரசம் வேண்டாம். குடிநீரிலும் ஆர்ஓ தண்ணீரிலும் தாது உப்பு கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும். பாக்கெட்டுக்குப் பதிலாகச் சிலர் பெட்டியில் வைக்கும் ஈரமூட்டியின் ஸ்பாஞ்சில் அது படிந்து துளைகளை அடைக்கும். கடையில் விற்கும் புரோப்பிலீன் கிளைக்கால் கலந்த திரவம் ஸ்பாஞ்சுக்கானது; அதை மரத்தில் தடவக் கூடாது.

எந்த எண்ணில் வைப்பது என்பதில் ஆளுக்கொரு கருத்து. 70 சதவீதம், 70 பாரன்ஹீட், அதாவது 21 டிகிரி செல்சியஸ் என்பது பழைய விதி. என் கணிப்பில் 65 முதல் 69 வரை பாதுகாப்பான இடம். சுருட்டு சீராக எரியும், பூஞ்சைக்கும் இடம் இருக்காது. எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுங்கள், ஆனால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். 65 பாக்கெட்டையும் 72 பாக்கெட்டையும் ஒரே பெட்டியில் போட்டால் ஒன்றின் நீரை மற்றொன்று குடித்துத் தீர்க்கும். ஸ்பாஞ்சும் பாக்கெட்டும் சேர்ந்தாலும் இதே கதிதான். ஸ்பாஞ்சுக்கு ஈரத்தைக் கொடுக்க மட்டும்தான் தெரியும், பாக்கெட்டுக்குத் திரும்ப வாங்கவும் தெரியும்.

எண் ஒரு நாள் மூன்று புள்ளி இறங்கினால் உடனே தண்ணீர் ஊற்ற ஓடாதீர்கள். மூடியைத் திறந்தாலே எண் மாறும், அறையின் வெப்பம் மாறினாலும் மாறும். இரண்டு நாள் பொறுங்கள். அப்போதும் ஏறாவிட்டால் பாக்கெட்டைத் தொட்டுப் பாருங்கள்: நீர் உள்ள பாக்கெட் கையில் கொழகொழவென்று இருக்கும், தீர்ந்துபோனது விறைத்து, உள்ளே கட்டி கட்டியாகத் தட்டுப்படும். பாக்கெட் நன்றாக இருந்தும் எண் ஏறாவிட்டால்தான் கசிவைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு காகிதத் துண்டை விளிம்பில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். பிடிப்பு இருக்க வேண்டும். நான்கு பக்கமும், மூலைகளிலும் இப்படிச் செய்யுங்கள். இருட்டு அறையில் ஒரு சிறு டார்ச்சை எரியவிட்டு உள்ளே வைத்து மூடினால் கசியும் இடம் வெளிச்சத்தில் தெரியும். கண்ணாடி மூடி உள்ள பெட்டிகளில் கண்ணாடியின் விளிம்பைத்தான் முதலில் பார்ப்பேன்.

கூடுதல் ஈரமும் ஆபத்துதான். 75-ஐத் தாண்டி நீண்ட நாள் இருந்தால் பூஞ்சை வரும். வெள்ளையாகவோ பச்சை நீலமாகவோ பஞ்சு மாதிரிப் புள்ளிகள் தெரிந்தால், "நன்றாக முதிர்ந்த சுருட்டில் அப்படித்தான் பூக்கும்" என்று யார் சொன்னாலும் அதைப் பூஞ்சை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பற்றவைக்கும் முனைக்குள் படர்ந்திருந்தால் அந்தச் சுருட்டைத் தூக்கிப் போட்டுவிடலாம். வெப்பம் 24 டிகிரிக்கு மேல் போனால் புகையிலை வண்டு முட்டை பொரிக்கும் வாய்ப்பு கூடும். குண்டூசி அளவு ஓட்டையும் அதனருகில் தூளும் தெரிந்தால், எல்லாச் சுருட்டையும் காற்றுப் புகாத பையில் போட்டு ஃபிரிட்ஜில் ஒரு நாள், ஃப்ரீசரில் மூன்று நாள், மறுபடி ஃபிரிட்ஜில் ஒரு நாள் வைத்து வெளியே எடுங்கள். நேராக ஃப்ரீசருக்குப் போய் நேராக வெளியே வந்தால் மேலிலை வெடிக்கும். வெப்பமும் ஈரமும் நிலையாக இருக்க, பெட்டியை ஜன்னல் வெயிலிலும், ஏசி காற்று நேராகப் படும் இடத்திலும் வைக்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சிலர் அப்படி நம்புகிறார்கள்: ஈரப்பதம் சரியாக இருப்பதால் சுருட்டின் தீங்கு குறைந்துவிடாது. பெட்டி காப்பாற்றுவது புகையிலையைத்தான், புகைப்பவரை அல்ல.

பெட்டி பழகும் இரண்டு வாரமும் சுருட்டுகளை எங்கே வைப்பது என்று எல்லோரும் கேட்பார்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஒரு 65 அல்லது 69 பாக்கெட். மரம் இல்லாததால் பழக்க வேண்டிய வேலையே இல்லை. பத்துப் பதினைந்து சுருட்டுக்கு மேல் வைக்காதவருக்கு அந்த டப்பாவே மாதக்கணக்கில் போதும். இதைச் சொல்வது என் வியாபாரத்துக்கு நல்லதல்ல, ஆனால் உண்மை அதுதான்.