எஃகு உலையும் ஹோம்ஸ்டெட் கதவடைப்பும்

ஊதுலையிலிருந்து வரும் இரும்பில் ஏறக்குறைய 4 சதவீதம் கார்பன் இருக்கும். அதைச் சுத்தியலால் அடித்தால் நொறுங்கிவிடும். கார்பனை எரித்து வெளியேற்றினால்தான் தண்டவாளமாக நீட்ட முடியும். 1860களில் அமெரிக்க ஆலைகளில் இந்த வேலை ஒரு மனிதரின் கையில் இருந்தது. உலையின் சின்னக் கதவு வழியாக நீண்ட கம்பியை விட்டு, உருகிய இரும்பை அவர் கிளறிக்கொண்டே இருப்பார். கார்பன் குறையக் குறைய இரும்பின் உருகுநிலை ஏறும். 1,200 டிகிரிக்குள் உருகிய அதே இரும்பு, தூய்மையானதும் 1,538 டிகிரி சூடு கேட்கும். உலையில் அவ்வளவு சூடு கிடையாது. அதனால் சட்டியை விட்டுத் திரளும் அல்வா மாதிரி கம்பியில் கெட்டியாகச் சேரும். எந்த நொடியில் உருட்டி எடுப்பது என்பதைக் கண்ணாலும் கையாலும்தான் கண்டுபிடிக்க வேண்டும். அது படிய வருடக்கணக்காகும். அவரை விரட்டவும் முடியாது, ஒரே நாளில் வேறு ஆளைப் போடவும் முடியாது. தொழிற்சங்கத்துக்குப் பலம் அங்கிருந்துதான் வந்தது.

ஹென்ரி பெஸ்ஸமர் 1856ல் காப்புரிமை பெற்ற முறையில் கிளறும் கையே தேவைப்படவில்லை. உருகிய இரும்பின் அடியிலிருந்து காற்றை ஊதினால் சிலிக்கானும் கார்பனும் எரியும். அந்தச் சூடே இரும்பை உருகிய நிலையில் வைத்திருக்கும். தனியாக எரிபொருள் வேண்டாம். இருபது நிமிடத்துக்குள் பல டன் எஃகு தயார். அமெரிக்கத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி 1875ல் பிராடக் என்ற ஊரில் இம்முறையில் ஆலை தொடங்கினார். 1883ல் பிட்ஸ்பர்க் அருகே ஹோம்ஸ்டெட் ஆலையையும் வாங்கினார்.

ஹோம்ஸ்டெட்டில் 1889ல் போட்ட ஒப்பந்தப்படி, திறமையான தொழிலாளர்களின் கூலி எஃகின் விலையோடு ஏறி இறங்கும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இயந்திரம் பெருகினால் உற்பத்தி பெருகும், உற்பத்தி பெருகினால் விலை விழும். அதிகம் உழைத்தவருக்கே ஒரு டன்னுக்கான கூலி குறையும். சந்தையில் விலை எவ்வளவு விழுந்தாலும், கூலிக் கணக்கில் எஃகின் விலையை டன்னுக்கு 25 டாலருக்குக் கீழே எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற வரம்பு ஒன்றுதான் பாதுகாப்பு. 1892ல் நிர்வாகி ஹென்ரி கிளே ஃப்ரிக் அதை 22 ஆக்கப் பார்த்தார்.

சங்கத்தில் இருந்தவர்கள் ஏறக்குறைய 800 பேர்தான். சங்கத்தில் இடமே இல்லாத மற்ற 3,000 பேரும் அவர்களோடு நின்றார்கள் என்பதை நான் பெரிதாக நினைக்கிறேன். ஃப்ரிக் ஆலையைச் சுற்றி வேலி எழுப்பிக் கதவடைத்தார். ஜூலை 6 அன்று படகுகளில் பிங்கர்டன் என்ற தனியார் நிறுவனத்தின் காவலர்கள் 300 பேரை மொனங்ககீலா ஆற்று வழியாக இறக்கினார். துப்பாக்கிச் சண்டையில் இரு தரப்பிலும் உயிர்கள் போயின. காவலர்கள் சரணடைந்தார்கள். அப்புறம் மாநில அரசின் படை 8,000 பேருக்கு மேல் வந்து இறங்கியது. அந்தப் பாதுகாப்பில் புது ஆட்கள் ஆலையை ஓட்டினார்கள். அதற்கு முப்பது வருடம் முன்னால் இது நடந்திருக்காது. கிளறத் தெரிந்த ஆள் இல்லாமல் உலை வீணாகியிருக்கும்.

நவம்பரில் போராட்டம் முடிந்தது. கார்னகி 1901ல் தன் நிறுவனத்தை 48 கோடி டாலருக்கு விற்றார். எஃகு ஆலைகளில் 12 மணி நேர ஷிஃப்ட் 1923 வரை நீடித்தது.