தலைக்கு மேல் ஒரு சிற்பம்: அலுவலகக் கோபுர லாபியில் காற்றும் எடையும்

நகர மையத்து அலுவலகக் கோபுரங்கள் பலவற்றின் லாபியில், மூன்று நான்கு மாடி உயர வெற்றிடத்தில், அடுக்கடுக்கான கம்பிகளின் முனைகளில் உலோகத் தகடுகள் தொங்கும் சிற்பம் ஒன்று மெல்லத் திரும்பிக்கொண்டிருக்கும். பெரும்பாலானவற்றில் மோட்டார் கிடையாது. லாபியின் காற்றுதான் அதைத் திருப்புகிறது. அதே காற்றைத்தான் வாசற்கதவும், ஏசியும், புகை உணர்கருவியும், சுவரில் வழியும் நீரும் பங்குபோட்டுக்கொள்கின்றன. அடியில் நாற்காலி போட்டு மனிதர்களை உட்கார வைக்கிறோம். ஆகவே சிற்பத்தைக் கட்டடம் முடிந்தபின் மாட்டும் அலங்காரமாக நினைப்பது தவறு. கூரை வரைபடம் போடும்போதே அதற்கு இடம் ஒதுக்க வேண்டும்.

முதலில் சமநிலை. இத்தகைய சிற்பத்தைக் கீழிருந்து மேலாகத்தான் கட்டுவார்கள். கடைசிக் கம்பியின் ஒரு முனையில் 12 கிலோ தகடு, மறுமுனையில் 4 கிலோ தகடு என்றால், தொங்கும் புள்ளி கனமான தகட்டிலிருந்து 1 மீட்டரிலும் இலேசான தகட்டிலிருந்து 3 மீட்டரிலும் அமையும். 12 பெருக்கல் 1, 4 பெருக்கல் 3, இரண்டும் சமம். இந்த 16 கிலோவும் கம்பியின் சொந்த எடையும் சேர்ந்து அடுத்த அடுக்குக்கு ஒற்றைச் சுமையாகின்றன. தொங்கும் புள்ளி, எடை மையத்துக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். மிக மேலே போனால் கம்பி விறைத்து நிற்கும், சாயாது. மையத்துக்குக் கீழே போனால் கவிழ்ந்துவிடும்.

மேலே போகப்போக ஒவ்வொரு இணைப்பும் தனக்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் சுமக்கிறது. சொன்னால் எளிது, வரைபடத்தில் தவறவிடுவதும் எளிது. 1981 ஜூலையில் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில், ஹயாட் ரீஜென்சி ஹோட்டலின் லாபிக்கு மேல் தொங்கிய நடைபாலங்கள் இடிந்து 114 பேர் இறந்தார்கள். மூல வடிவமைப்பில் கூரையிலிருந்து வந்த ஒரே நீளத் தண்டு இரண்டு பாலங்களையும் தனித்தனியே தாங்குவதாக இருந்தது. வேலையை எளிதாக்க அதை இரண்டு தண்டுகளாக மாற்றினார்கள். கீழ்ப்பாலம் மேல்பாலத்திலிருந்தே தொங்கியது. மேல்பாலத்தின் இணைப்புக்கு வந்த சுமை இரட்டிப்பானது. அந்த இணைப்பு முதல் வடிவமைப்பின்படியே விதிமுறை கேட்ட வலுவை எட்டாத ஒன்று. அடுக்கடுக்காகத் தொங்கும் எந்தப் பொருளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

இனி, அது ஏன் திரும்புகிறது என்பது. அமைதியான உள்ளறைக் காற்றின் வேகம் நொடிக்கு 0.2 மீட்டர் என்று வைப்போம். அது தரும் அழுத்தம் 0.024 பாஸ்கல்தான். தகட்டின் பின்பக்கத்து உறிஞ்சலையும் சேர்த்தால், ஒரு சதுர மீட்டர் தகட்டின் மேல் ஏறத்தாழ 3 கிராம் எடைக்குச் சமமான தள்ளுவிசை. அந்தத் தகடு மையத்திலிருந்து 5 மீட்டர் தள்ளி இருந்தால் கிடைக்கும் திருப்புவிசை சுமார் 0.14 நியூட்டன் மீட்டர். சிற்பத்தின் மொத்த எடை 400 கிலோ என்றும், உச்சியில் அந்த எடையைத் தாங்கிச் சுழலும் 5 செ.மீ. விட்டமுள்ள உந்துசுமைக் குண்டு பேரிங் இருப்பதாகவும் கொண்டால், அதன் உராய்வு கிட்டத்தட்ட 0.13 நியூட்டன் மீட்டர். மயிரிழையில்தான் காற்று வெல்கிறது! அதே இடத்தில் குண்டுகள் இல்லாத, வழுக்கிச் சுழலும் வெண்கல புஷ் போட்டால் உராய்வு 10 நியூட்டன் மீட்டரை நெருங்கும். சிற்பம் அசையவே அசையாது. பேரிங்கில் கெட்டியான கிரீஸ் அடைத்தாலும், இறுக்கமான ரப்பர் சீல் போட்டாலும், ஓரிரு ஆண்டு தூசி படிந்தாலும் இதே கதிதான். மெல்லிய எண்ணெயும், உரசாத தூசிமறைப்பும் போதும்.

இதனால்தான் எடையைக் குறைப்பது கலையின் பகுதியாகவே ஆகிறது. வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தின் கிழக்குக் கட்டடத்தில் 1977 முதல் தொங்கும், அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டரின் சிற்பம் 23 மீட்டர் அகலம் கொண்டது. எடையோ சுமார் 417 கிலோ. கெட்டித் தகடுகளில் செய்திருந்தால் உள்ளறைக் காற்றுக்கு அது அசைந்திருக்காது. பால் மத்தீஸ் என்ற கலைஞர் தகடுகளைத் தேன்கூடு அமைப்புள்ள அலுமினியப் பலகைகளாகச் செய்துகொடுத்தார்.

வடத்துக்கு வருவோம். 6 மி.மீ. தடிமனுள்ள துருப்பிடிக்காத எஃகு வடம் ஏறத்தாழ 2 டன்னில் அறும். ஆட்கள் அடியில் நடமாடும் இடத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றாமல் இருப்பது நல்லது. அதாவது 200 கிலோ. முனைகளைத் தொழிற்சாலையில் அழுத்திப் பொருத்திய குமிழ்களாக வாங்குவதே சரி. யு வடிவக் கிளிப் போட்டு இறுக்கினால் வடத்தின் வலு ஐந்தில் ஒரு பங்கு குறையும். கிளிப்பின் வளைவு சுமை தாங்கும் பக்கத்தில் அமர்ந்துவிட்டால் வடத்தை நசுக்கி இன்னும் கெடுக்கும். வடத்தை இழுத்து இறுக்கும் மரைக் கருவியான டர்ன்பக்கிளை இறுக்கியபின் பூட்டுக்கம்பி கட்ட வேண்டும், ஏனெனில் ஓயாத சிறு சுழற்சி மரையைக் கழற்றும்.

பாதுகாப்பு வடத்தில்தான் அதிகப் பேர் ஏமாறுகிறார்கள். பிரதான வடம் அறுந்தால் தாங்கிக்கொள்ள இரண்டாவது வடம் ஒன்றைத் தளர்வாகக் கட்டிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். 200 கிலோ சுமையில் 1 மி.மீ. நீளும் ஒரு குட்டை வடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 5 செ.மீ. தளர்ச்சி இருந்தால், சிற்பம் அந்த 5 செ.மீ. விழுந்து நிற்கும் நொடியில் வடத்தின் மேல் வரும் விசை 11 மடங்கு: 2.2 டன். அறும் எல்லையே 2 டன்தான். தளர்ச்சியே இல்லாவிட்டால் விசை 2 மடங்கோடு நிற்கும். தளர்ச்சி தவிர்க்க முடியாதபோது நீளமான வடம் உதவும். அது அதிகம் நீண்டு அதிர்ச்சியை உள்வாங்கும்.

மேலே எதில் மாட்டுவது? எஃகு உத்தரம் இருந்தால் அதில். கான்கிரீட் தளம் என்றால் துளைத்து மேற்பக்கம் தகடு வைத்த போல்ட். உள்ளே கம்பிகளை இழுத்து இறுக்கி வார்த்த முன்னிழுவிசைத் தளமாக இருந்தால் ரேடார் கருவியால் உள்ளிருக்கும் கம்பிகளைக் கண்டறியாமல் ட்ரில்லைத் தொடக்கூடாது. எபாக்சி பசையில் ஒட்டிய ஆங்கரை (கான்கிரீட்டில் பதிக்கும் போல்ட்டை)த் தலைக்கு மேல் நிரந்தரச் சுமைக்குத் தவிர்த்துவிடுவதே என் தீர்மானமான கருத்து. 2006இல் பாஸ்டன் சுரங்கச்சாலையின் தொங்கு கூரை விழுந்து ஒரு பெண் இறந்ததற்குக் காரணம், தொடர்ந்த இழுவிசையில் எபாக்சி மெல்ல மெல்ல நெகிழ்ந்து ஆங்கர்கள் உருவிக்கொண்டதுதான். பொருத்திய அன்று அவை உறுதியாகத்தான் இருந்திருக்கும்.

தீயணைப்பு ஏற்பாட்டோடு மோதல் வரும் இடம் வேறு. உயரமான கூடத்தில் கண்ணாடிக் கூரைக்கடியில் சூடான காற்று தேங்கும். குளிர்ந்துவிட்ட புகை அதைத் துளைத்து மேலேற முடியாமல் நடுவழியில் பரவும். அதைப் பிடிக்கத்தான் ஒளிக்கற்றை உணர்கருவிகளை இடைப்பட்ட உயரங்களில் வைக்கிறார்கள், அதாவது சிற்பம் தொங்கும் அதே உயரத்தில். ஒரு தகடு திரும்பி வந்து கற்றையை மறைத்தால் பழுது அறிவிப்போ வீண் எச்சரிக்கையோ எழும். தகடுகள் சுழலக்கூடிய மொத்த வட்டத்தையும் வரைந்து பார்த்தால்தான் இது தெரியும்; நிலையான படத்தில் தெரியாது.

கதவும் சும்மா இருப்பதில்லை. 100 மீட்டர் உயரக் கட்டடத்தில் உள்ளே 22 டிகிரி, வெளியே 2 டிகிரி என்றால், உள்ளிருக்கும் சூடான காற்று மேலெழுவதால் தரைத்தளக் கதவில் சுமார் 43 பாஸ்கல் அழுத்த வேறுபாடு சேரக்கூடும். சாதாரணக் கதவைத் திறந்ததும் நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் காற்று பாய்ந்து வரலாம். லாபிக்குள் அது 2 மீட்டராகத் தணிந்தாலும், சிற்பத்தின் மேல் வழக்கத்தைவிட 100 மடங்கு விசை. சிற்பத்தின் கம்பிகளும் தகடுகளும் ஒன்றோடொன்று மோதி வண்ணம் உதிர்வது இப்படித்தான். 1888இல் தியோஃபிலஸ் வான் கன்னெல் காப்புரிமை பெற்ற சுழல்கதவு, ஆட்கள் நுழையும்போதும் மூடியபடியே இருப்பதால் இதைத் தடுக்கிறது.

பக்கத்தில் நீர்ச்சுவர் வைப்பதானால் இரண்டு கவலைகள். 20 முதல் 45 டிகிரி நீரில் நிமோனியாவை உண்டாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா பெருகும்; தெறிக்கும் நுண்துளிகளோடு நுரையீரலுக்குள் போகும். 2010இல் விஸ்கான்சின் மருத்துவமனை ஒன்றின் நீர்ச்சுவரிலிருந்து 8 பேருக்குத் தொற்றியது. வழக்கமான சுத்திகரிப்பு நடந்துகொண்டிருந்தும்தான். நீரைச் சூடாக்கும் விளக்குகளைத் தொட்டிக்குள் வைக்கக்கூடாது, அடியில் நீர் தெறிக்காமல் வழுக்கி இறங்க வேண்டும். மற்றது, கிருமிகளைக் கொல்ல நீரில் கலக்கும் குளோரின். 1985இல் சுவிட்சர்லாந்தின் உஸ்டர் நகர நீச்சல்குளக் கூரை விழுந்து 12 பேர் இறந்தார்கள். அதைத் தாங்கிய துருப்பிடிக்காத எஃகுத் தண்டுகள் குளோரைடு படிந்து, இழுவிசையில் விரிசல்விட்டிருந்தன. லாபி நீரில் குளோரின் அவ்வளவு இராது. ஆனாலும் நீர்ச்சுவருக்கு அருகே வரும் வடங்களை அடிக்கடி துடைத்து, பழுப்புப் புள்ளிகள் தோன்றுகின்றனவா என்று பார்ப்பது அவசியம்.

பார்க்க மேலே ஏற வேண்டுமே! கத்தரிக்கோல் லிஃப்ட் ஒன்று 2 டன்னைத் தாண்டும். அதன் நான்கு சிறு சக்கரங்கள் கல்தளத்தைப் பிளந்துவிடும், அடியில் வாகன நிறுத்தம் இருந்தால் தளத்தின் தாங்குதிறனையும் கணக்கிட வேண்டும். தடித்த ஒட்டுப்பலகை விரித்து ஓட்டலாம். அதைவிட, வடத்தைச் சுருட்டி, சிற்பத்தைத் தரைக்கு இறக்கும் வின்ச் என்ற கருவியைத் தொடக்கத்திலேயே கூரைக்குள் வைத்துவிடுவது மேல்: ஆண்டுக்கு ஒருமுறை கீழே இறக்கி, நாற்காலிகளை நகர்த்தி, பேரிங்கைக் கழுவி எண்ணெயிட்டு, வடத்தின் முனைகளில் அறுந்த இழைகள் உள்ளனவா என்று பார்த்து, பூட்டுக்கம்பிகளைப் புதிதாகக் கட்டி மறுபடி ஏற்றலாம்.