கூரை திறக்கும் காரின் கதவு ஏன் ஒழுங்காக உட்காருவதில்லை?

கூரை உள்ள காரில் தூண்களும் கூரையும் சேர்ந்து உடலை வளையாமல் பிடிக்கின்றன. கன்வெர்ட்டிபிளில், அதாவது கூரையை மடக்கித் திறக்கும் காரில், அந்தப் பாரம் சேஸிஸ் மேலும், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டத்தின் மேலும் இறங்குகிறது. நாகப்பட்டினத்து உப்புக்காற்றிலும் ஐப்பசி மழையிலும் கிடந்த வண்டியில் துரு முதலில் பிடிப்பதும் பெரும்பாலும் அங்கேதான். சட்டம் இற்றதும் வண்டியின் நடுப்பகுதி தொய்கிறது. கதவின் பின் இடைவெளி மேலே 2 மி.மீ., கீழே 8 மி.மீ. என்று கோணலாகிறது.

கீல் தேய்ந்தாலும் பின்பக்கம் இதே கோணல் வரும். அதனால் கதவைப் பாதி திறந்து, பின்முனையைக் கையால் தூக்கிப் பாருங்கள். ஆடினால் கீலைக் கோத்திருக்கும் கம்பியை (பின்) மாற்ற வேண்டும். ஆட்டமே இல்லை, முன் இடைவெளியும் மேலும் கீழும் ஒரே அளவு என்றால் உடல்தான் தொய்ந்திருக்கிறது. இந்த நிலையில் கதவு விளிம்பை ராவிச் சரிக்கட்டவே கூடாது. தொய்வு அப்படியே இருக்கும், நல்ல கதவும் கெடும்.

தொய்வைச் சரிசெய்ய இற்ற சட்டத்தை வெட்டி மாற்ற வேண்டும். வெட்டுமுன் கதவு வாசலின் குறுக்கே 25 மி.மீ. சதுரக் குழாய் வைத்து வெல்டிங் செய்து, இரு பக்க மூலைவிட்டங்களையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். புதுச் சட்டத்தைப் பொருத்தும்போது எஞ்சின், கியர்பாக்ஸ் எடையோடு வண்டி நாலு சக்கரத்தில் நிற்க வேண்டும். நடுவில் ஜாக்கி கொடுத்தால் அளவு பொய்யாகிவிடும். டெல்டாவின் களிமண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். பட்டறைத் தரையும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கும். ஆகவே கொத்தனாரின் டியூப் மட்டத்தால் நாலு சக்கரத்தடியையும் ஒவ்வொரு முறையும் பார்த்துவிடுவது நல்லது.

1960இல் வந்த டிரையம்ப் ஹெரால்டு கன்வெர்ட்டிபிள் போலத் தனி சேஸிஸ் உள்ள வண்டியில் வேலை சற்று எளிது. உடலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே தகடு வைத்தே கோணலை எடுக்கலாம். நடுத் தாங்கியில் தகடு சேர்த்தால் மேல் இடைவெளி விரியும். 1 மி.மீ. வைத்து, போல்ட்டை முழுக்க இறுக்கிய பிறகுதான் அளக்க வேண்டும்.

பூட்டின் கொக்கியையும் ரப்பர் பீடிங்கையும் கழற்றிவிட்டே கதவை மாட்டிச் சரிபாருங்கள். கொக்கி இருந்தால் தொங்கும் கதவையும் தூக்கிப் பிடித்துக் குறையை மறைத்துவிடும். பின்பக்க உடலுக்குக் கதவைப் பொருத்தி, கதவுக்கு முன்பக்கத்தைப் பொருத்துங்கள். டிக்கி மூடி கடைசியில் போதும். இடைவெளி 5 மி.மீ. வைத்தால் பிரைமரும் பெயின்டும் இரு விளிம்பிலும் சேர்ந்து அரை மி.மீ. அளவுக்குத் தின்னும். பெயின்டுக்கு முன்பே புது பீடிங்கை ஒருமுறை மாட்டிப் பாருங்கள். தடித்த ரப்பர் கதவை வெளியே தள்ளினால், மெல்லிய ரப்பராக மாற்ற அப்போதுதான் வசதி.